பீடி தொடாத சாட்சி

தம்பி, அந்த ஜன்னலைச் சித்தெ சாத்திக்கலாங்களா? கோவிச்சுக்காதீங்க. இந்தக் காத்து எனக்கு ஆகறதில்லீங்க. பாதி ஆயுசு ஜன்னல் சாத்துன ரூமுல உக்காந்து பழகுன ஒடம்பு இது. ஆ, அவ்வளவுதான். இப்பத்தான் நாலு வார்த்தை பேசற மாதிரி இருக்குது.

கோயமுத்தூருங்களா? நான் சுந்தராபுரத்துல எறங்கிருவேன். அங்க ஆஸ்பத்திரியில நம்ம ஆளு ஒருத்தன் கெடக்கறான், பாக்கோணும். இந்தப் பையில சாத்துக்குடி. அவன் எங்க திங்கப் போறான், அவன் பொண்டாட்டியாச்சும் திங்கட்டும்.

கையில என்னன்னு பாக்கறீங்களா? சிகரெட்டுதானுங்க. பயப்படாதீங்க, பத்த வெக்க மாட்டேன். வெரலு நடுவால சும்மா இருந்தாவே ஒரு தெம்பு. எங்கிட்டக் காரு இருக்குதுங்க. நல்ல காரு. போன மாசம் எம் பையன் காருக்குள்ள பிடிக்கக் கூடாதுன்னு சொல்லிப்புட்டான். பேத்திக்கு ஆகறதில்லையாமா. அப்படியா சாமி, காரை நீயே வெச்சுக்கோன்னு சொல்லிப்போட்டு அன்னிலேருந்து நான் பஸ்ஸுல. பஸ்ஸுலயும் பிடிக்கக் கூடாதுதான். அது சட்டம். சட்டத்துக்குக் கட்டுப்படலாம், பெத்த மகனுக்குக் கட்டுப்பட முடியுங்களா? நீங்களே சொல்லுங்க.

நான் சென்னியப்பன். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் சென்னியப்பன்னா எல்லாருக்கும் தெரியும். கிளப்பு சென்னியப்பன்னா இன்னும் நெம்பப் பேருக்குத் தெரியும். இப்ப நான் கிளப்புக்குப் போறதில்லீங்க. அந்தக் கதையத்தான் யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருக்கறேன். ஊருக்குள்ள எங்கிட்டக் கேக்காதவன் ஒருத்தன் பாக்கியில்ல. ஆனா கேக்கறவன் எல்லாம் பாதியில எந்திரிச்சுப் போயிடறான். நீங்க ஜன்னலோரம் மாட்டிக்கிட்டீங்க, எங்க போவீங்க?

எங்க கிளப்பு பேரு ஆழியாறு ரிக்ரியேசன் கிளப். வாசல் போர்டுல மனமகிழ் மன்றம்னு போட்டிருக்கும். டென்னிஸ் கோர்ட்டு, கேன்டீனு, கூட்டம் போடறதுக்கு ஒரு பெரிய ஹாலு, எல்லாம் உண்டு. ஆனா கிளப்புன்னா அதெல்லாம் இல்லீங்க. கிளப்புன்னா சீட்டு ரூமு. நீங்க ரம்மி ஆடுவீங்களா? ஆடறவங்களுக்குத் தெரியும், சீட்டு ரூமுல ஃபேன் போடக் கூடாது. போட்டா சீட்டுப் பறக்கும். ஜன்னலும் தெறக்கக் கூடாது. தெறந்தா வராண்டாவுல நிக்கறவன் நம்ம கையை எட்டிப் பாத்துப்புடுவான். அதனால எல்லாத்தையும் சாத்திப்போட்டு, கதவுக்குத் திரையும் போட்டு, பொழுதோட உக்காந்தோம்னா சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எந்திரிப்போம். எல்லார் வாயிலயும் சிகரெட்டு. எதுத்தாப்புல உக்காந்திருக்கற சபாபதி மூஞ்சி எனக்குச் சரியாத் தெரியாது, கொரலை வெச்சு ஆளைக் கண்டுக்கறது. அப்படி ஒரு சொகமுங்க. அப்பறம் ஏசி போட்டாங்க. கொஞ்சநஞ்சம் வெளிய போயிட்டிருந்த பொகையும் போறது நின்னுபோச்சு.

அந்த ரூமுக்குன்னு ஒரு ஆளு இருந்தான். மருதாசலம். இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கறான்னு சொன்னனே, அவன்தான். இருவது வருசத்துக்கு மேல அந்த ரூமுலதான் வேலை. காப்பி கொண்டாரது, சீட்டுக்கட்டு மாத்திக் குடுக்கறது எல்லாம் எவன் வேணும்னாலும் செய்வான். இவன் கெட்டிக்காரத்தனம் ஆஷ்ட்ரேயில. சிரிக்காதீங்க. நான் சிகரெட்டைப் பத்த வெச்சுட்டுச் சீட்டுலயே கண்ணா இருப்பேன். சாம்பல் நீளமாகும், வளையும், இப்ப விழுகும் இப்ப விழுகும்னு இருக்கும். விழுகாது. அதுக்குள்ள கையடியில ஆஷ்ட்ரே வந்து நிக்கும். எங்கிருந்து வந்தான், எப்ப வந்தான், ஒண்ணும் தெரியாது. அத்தனை வருசத்துல என் வேட்டியில ஒரு பொட்டு சாம்பல் விழுந்ததில்லீங்க. எங்கூட்டுல கட்டுன பொண்டாட்டி அப்படிப் பாத்துக்கிட்டதில்ல.

அவன் நிக்கற எடம் எனக்குப் பின்னால, எடது தோளோரம். அங்கதான் நிக்கோணும். அங்க நின்னா எனக்குக் கை நிக்கும், நகந்தான்னா ஜோக்கர் வராது. இதை மூடநம்பிக்கைன்னு சபாபதி கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும், அவன் தோத்த கடுப்பு அவனுக்கு. ஆட்டம் நடக்கறப்ப ரூம் ஆளு வெளிய போகக் கூடாதுங்கறது கிளப்பு விதிங்க. வெளிய போய்ட்டு வந்தா ஒருத்தன் சீட்டை இன்னொருத்தனுக்குச் சொல்லிருவான்னு. நல்ல விதி. மருதாசலம் ஒரு நாளும் அதை மீறுனதில்ல. இருமல் வந்தாக் கூடத் துண்டை வாயில வெச்சுக்கிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பி, சத்தமில்லாம இருமிக்குவான். அப்படி ஒரு மரியாதை தெரிஞ்சவன்.

ஒரு தடவை செகரட்டரிகிட்டப் போய், என்னைய டென்னிஸ் கோர்ட்டுக்கு மாத்தி உடுங்கன்னு கேட்டிருக்கறான். எனக்குத் தெரிஞ்சதும் மனசு கேக்கலீங்க. எவனோ அவனைக் கெளப்பி உட்டிருக்கறான். என்னையும் அவனையும் பிரிக்கறதுக்குன்னே நாலு பேரு இருந்தாங்க. நான் நேராப் போய், மருதாசலம் இந்த ரூமை உட்டுப் போனான்னா நானும் கிளப்பை உட்டுப் போறேன்னு சொன்னேன். பழைய மெம்பர், பேச்சுக்கு ஒரு கனம் இருக்குமில்லீங்களா? அன்னிக்கே அந்தப் பேச்சை நிறுத்திட்டாங்க. நான் அவனைக் கூப்புட்டுச் சொன்னேன், "ஏனப்பா, உனக்கு வெயில்ல பந்து பொறுக்கற தலையெழுத்தா? நான் இருக்கற வரைக்கும் ஏசி ரூமுலதான் இருப்பே"ன்னு. அவன் கண்ணுல தண்ணி. அவ்வளவு நன்றி.

இப்படி நல்லாப் போயிட்டிருந்த எடத்துலதான் டாக்டர் தண்டபாணி செகரட்டரியா வந்தான். டாக்டர்னதும் என்னமோன்னு நெனைச்சுக்காதீங்க, பல்லு டாக்டரு. வந்தவன் கேன்டீன் வடையைப் பாக்கலாமில்ல? டென்னிஸ் வலை கிழிஞ்சு கெடக்குது, அதைப் பாக்கலாமில்ல? நேரா சீட்டு ரூமுக்குள்ள வந்து மூக்கைப் பொத்திக்கிட்டான். கவர்மெண்ட்டு சட்டமே இருக்குதுங்க, பொது எடத்துல பிடிக்கக் கூடாது, இங்க எப்படிங்கன்னு கேட்டான். சட்டம் எங்களுக்குத் தெரியாதா? பொகை பிடிக்கக் கூடாதுங்கற போர்டு அந்த ரூமுலயே மாட்டியிருந்துச்சு. அதுக்கு நேர் கீழதான் ஆஷ்ட்ரே அடுக்கி வெச்சிருப்போம். நான் சொன்னேன், "டாக்டரு, இது பொது எடமில்ல, மெம்பருங்க எடம். எங்க ஊடு மாதிரி. ஊட்டுக்குள்ள பிடிக்கறதுக்கு எவங்கிட்டக் கேக்கோணும்?" ஊட்டுல என்னைய வாசல்ல நின்னுதான் பிடிக்கச் சொல்லுவாங்க, அது வேற விசயம்.

அந்தத் தண்டபாணி இன்னொரு வேலை பண்ணுனான் பாருங்க. மருதாசலம் துண்டுக்குள்ள இருமறதைப் பாத்துட்டு, வாடான்னு கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்துட்டான். பல்லு டாக்டருக்கு நெஞ்சுல என்னங்க வேலை? எடுத்துப் பாத்தா, நெஞ்சுல கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க.

கூட்டிட்டுப் போனது யாரு தெரியுங்களா? நான்தான். எங் காருலதான். ஜன்னலை ஏத்தி உட்டு, ஏசி போட்டு, சொந்தத் தம்பியாட்டம் கூட்டிட்டுப் போனேன். எனக்குப் படபடப்புத் தாங்கல, வழி நெடுக ஒண்ணு மேல ஒண்ணாப் பத்த வெச்சுட்டேன். அந்த நெலமையிலயும் காருல இருந்த ஆஷ்ட்ரேயை இழுத்து இழுத்து உட்டது அவன்தான். அங்க பெரிய டாக்டரு அவனைப் பாத்துக் கேட்டாரு, "எத்தனை வருசமாப் பிடிக்கறீங்க?" இவன் எம் மூஞ்சியப் பாக்கறான். நான் சொன்னேன், "இவன் பிடிக்கறதில்லீங்க டாக்டர், நான்தான் பிடிக்கறேன்." டாக்டரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. பெரிய படிப்புப் படிச்சவரு, என் நெஞ்சு இத்தனை வருசத்துக்கு அப்பறமும் கல்லாட்டம் இருக்கறது அவருக்கு ஆச்சரியமா இருந்திருக்கும்.

அங்கதானுங்க எனக்குப் பொறி தட்டுச்சு. திரும்பி வர்ற வழியெல்லாம் அதையே நெனைச்சுட்டு வந்தேன். தண்டபாணி பொதுக்குழுவைக் கூட்டியிருந்தான், சீட்டு ரூமுல பொகையை நிறுத்தறதுக்குத் தீர்மானம். படமெல்லாம் போட்டுக் காட்டப் போறான்னு பேச்சு. படத்துக்குப் படம்தான் பதில் சொல்லுமா? எங்கிட்ட உசுரோட ஒரு ஆளு இருக்கறான். என் சாட்சி.

அன்னிக்கு ஹாலு நெறைஞ்சு கெடந்துச்சு. சந்தா கட்டாதவன் கூட வந்திருந்தான். தண்டபாணி எந்திரிச்சு நுரையீரல் படம் போட்டான். கருகுன கத்திரிக்காயாட்டம் என்னமோ ஒண்ணு. பிடிக்கறவனை உட்டுடுங்க, பக்கத்துல நிக்கறவனுக்கு இது என்ன பண்ணுதுன்னு பாருங்கன்னு நீட்டி மொழக்குனான். எங்காளுங்க பாதிப் பேரு கொட்டாவி உட்டாங்க. ஓட்டு எங்க பக்கம்தானுங்க. சீட்டு ரூமு ஆளுங்க பூராவும் நம்ம கை. நான் வாயே தெறக்காம உக்காந்திருந்தாக் கூடத் தீர்மானம் தோத்திருக்கும்னு சபாபதி அப்பறமாச் சொன்னான். ஆனா பேசோணுமில்லீங்களா? நியாயம் நம்ம பக்கம் இருக்கறப்ப எப்படி உக்காந்திருக்கறது?

எந்திரிச்சு மேடைக்குப் போனேன். எல்லாரும் பாக்கோணும்னே ஒரு சிகரெட்டைப் பத்த வெச்சேன். "மருதாசலத்தைக் கூப்புடுங்க"ன்னேன். வந்தான். எளைச்சுத்தான் போயிருந்தான், சட்டை தோள்ல நிக்கல. மேடைக்கு ஏறறதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. நான் வக்கீலாட்டம் ஒவ்வொண்ணாக் கேட்டேன்.

"ஏனப்பா மருதாசலம், உன் ஆயுசுல சிகரெட்டு பிடிச்சிருக்கறயா?"

"இல்லீங்க மொதலாளி."

"பீடி?"

"தொட்டதே இல்லீங்க."

"சுருட்டு, பொயலை, வெத்தலை?"

"ஒண்ணுமில்லீங்க. எங்கய்யனுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டனுங்க."

"செரி. இப்ப உனக்கு என்ன சீக்கு?"

அவன் நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு, "கட்டிங்க. நுரையீரல்லன்னு சொன்னாங்க"ன்னான்.

நான் ஹாலைப் பாத்துத் திரும்புனேன். "பாத்தீங்களா பெரியவங்களே! பீடியைத் தொடாத மனுசன். எங்களோடவே, எங்க ரூமுலயே, இத்தனை வருசம் நின்னவன். அவனுக்கு வந்திருக்குது. நாள் பூராப் பிடிக்கற எனக்கு ஒண்ணுமில்ல. இதுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரு பதில் சொல்லட்டும்!"

ஹாலு கப்சிப். இந்த மாதிரி ஒரு அமைதி அந்த ஹாலுல எந்தத் தலைவர் பேசியும் வந்ததில்லீங்க. பேசுன வேகத்துல கையிலிருந்த சிகரெட்டை நான் மறந்தே போயிட்டேன். சாம்பல் நீளமாயி வளைஞ்சு நிக்குது. மருதாசலம் பாத்துட்டான். மேடையில ஆஷ்ட்ரே ஏது? எட்டு வெச்சு வந்து, வர்றப்பவே இருமல் வந்துருச்சு, துண்டை ஒரு கையால வாயில வெச்சுக்கிட்டு, இன்னொரு கையை என் கையடியில நீட்டுனான். வெறுங்கையை. சாம்பல் அவன் உள்ளங்கையில விழுந்துச்சு. பொத்திக்கிட்டுப் பின்னால போய் நின்னுக்கிட்டான். எடது தோளோரம்.

என் வேட்டியில அன்னிக்கும் ஒரு பொட்டு விழுகல.

தண்டபாணி தலையில கையை வெச்சு உக்காந்துட்டான். பாத்துக்குங்க, அத்தனை படம் போட்டவன்! ஜெயிச்சுட்டோம்னு நான் எறங்கி வந்து உக்காந்தேன். தீர்மானத்தை ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னாங்க.

தூக்குனாங்க தம்பி. எல்லாரும் தூக்குனாங்க. சீட்டு ரூமு ஆளுங்க தூக்குனாங்க. வாயில சிகரெட்டை வெச்சுக்கிட்டிருந்த ஒருத்தன், அதை எடுத்துக் காலுல போட்டு மிதிச்சுட்டுத் தூக்குனான். பக்கத்துல சபாபதி. எனக்கு முன்னாலயே பீடியில ஆரம்பிச்சவன் அவன். அவனும் தூக்கறான். நான் அவன் கையைப் புடிச்சுக் கீழ இழுத்தேன். "என்றா பண்ணறே?"ன்னேன். அவன் எம் மூஞ்சியப் பாக்காமச் சொல்றான், "சென்னியப்பா, நீ பேசாம இருந்திருந்தா உனக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன்."

இது என்ன பேச்சுங்க? பேசலீன்னா ஓட்டு உண்டாம், நல்லாப் பேசுனா ஓட்டு இல்லையாம்! பொறாமையில்லாம இது வேற என்ன? நீங்களே சொல்லுங்க, நான் பேசுனதுல ஒரு தப்பு இருந்துச்சா? ஒரு வார்த்தை பொய் இருந்துச்சா? சாட்சி பொய் சொன்னானா? எப்படித் தோத்தேன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியலீங்க. சோறு எறங்கறதில்ல. கொப்பரை காயறதை உக்காந்து பாக்கறப்பக் கூட அந்தக் கைங்கதான் கண்ணு முன்னால வருது.

நான் பிடிவாதக்காரனில்லீங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், உன்ற பொகையால எனக்கு இந்தக் கெடுதல் வந்துச்சுன்னு எம் மூஞ்சிக்கு நேராச் சொல்லட்டும். அன்னிக்கே உட்டுடறேன். எவனும் சொல்ல மாட்டேங்கறானே?

இப்ப சீட்டு ரூமுல ஜன்னலெல்லாம் தெறந்து உட்டிருக்கறாங்களாம். ஃபேனு சுத்துதாம், சீட்டு மேல ஆளுக்கொரு டம்ளரைக் கவுத்து வெச்சுக்கிட்டு ஆடறாங்களாம். ஆடட்டும். எனக்கு அங்க என்ன வேலை? எடது தோளோரம் ஆளில்ல.

மருதாசலத்துக்கு முத்திப்போச்சுங்க. போன வாரம் வந்து பாத்தேன். மூக்குல கொழாய், வாயில மூடி. கண்ணைத் தெறக்கல. அவன் பொண்டாட்டி வேலாத்தா கட்டில் கால்மாட்டுல உக்காந்திருந்தா. நான் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, பத்த வெக்காமத்தான், சும்மா வெரலுல சிகரெட்டை வெச்சுக்கிட்டு அவனைப் பாத்துட்டே இருந்தேன். இப்ப வெச்சிருக்கறனே, இதே மாதிரி. கண்ணை மூடுனபடியே அவன் கை அசைஞ்சுது. பக்கத்து மேசையில தடவுச்சு. மருந்து குடிக்கற சின்ன டம்ளரு ஒண்ணு இருந்துச்சு. அதை எடுத்து, மொள்ள, மொள்ள நகத்தி, என் கையடியில கொண்டாந்து வெச்சான்.

நான் அழுதுட்டனுங்க. ஆம்பளை, ஆஸ்பத்திரியில, நாலு பேரு பாக்க அழுதுட்டேன். என்ன பாசமுங்க அது! வேலாத்தா எந்திரிச்சு வெளிய போயிட்டா. அவளாலயும் தாங்க முடியல போலிருக்குது.

இன்னிக்கு வெடியால அவ போன் பண்ணுனா. "மொதலாளி, இனி நீங்க வர வேண்டாமுங்க. நீங்க வந்துட்டுப் போனா அவருக்கு அன்னிக்குப் பூரா மூச்சு ஏறுதுங்க"ன்னா. பாருங்க, என்னையக் கண்டா அவ்வளவு உணர்ச்சிவசப்படறான். எனக்குத்தான் சிரமம் வேண்டாம்னு அவளும் சொல்றா, நல்ல பொம்பளை. அப்படிச் சொன்னதும் வராம இருக்க முடியுங்களா? அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

இன்னொண்ணும் இருக்குதுங்க. கேக்கறதை அவங்கிட்டயே கேட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஏனப்பா மருதாசலம், நீயே என் சாட்சி, நீ பக்கத்துலயே நின்னே, நான் எப்படித் தோத்தேன்? அவன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான். பேச முடியாதுதான். தலையாட்டுனாப் போதும், நான் கண்டுக்குவேன்.

அட, சுந்தராபுரம் வந்திருச்சு. எறங்குன ஒடனே ஒண்ணு பத்த வெச்சுட்டுத்தான் உள்ள போகோணும். எனக்காக இல்லீங்க, அவனுக்காகத்தான். கண்ணு மூடியிருந்தாலும் இந்த வாசத்தை வெச்சுத்தான் நான் வந்திருக்கறேன்னு அவன் கண்டுக்கறான்.

ஏனுங்க தம்பி, கண்ணு கலங்குது, தூசியா? செரி, உடுங்க. இந்தப் பையைச் சித்தெ எடுத்துக் குடுங்க. வரட்டுங்களா? இனி நீங்க ஜன்னலைத் தெறந்துக்கலாம்.